பெயர் வந்தது, ஆள் வரவில்லை

1971 டிசம்பரில், இந்தியா பாகிஸ்தான் போரின் தொடக்க நாட்களில், அன்றைய கிழக்கு பாகிஸ்தானின் டாக்காவிலிருந்து வெளிவந்துகொண்டிருந்த பாகிஸ்தான் அப்சர்வர் நாளிதழில் ஒரு செய்தி வந்தது. இந்திய விமானிகள் ஐந்து பேர் உயிரோடு பிடிபட்டிருக்கிறார்கள் என்பது செய்தி. அதிலிருந்த பெயர்களில் ஒன்று ஃப்ளைட் லெப்டினன்ட் ‘டோம்பே’. மேற்கு முனையில் சுகோய்-7 விமானத்தில் போய்த் திரும்பாத ஃப்ளைட் லெப்டினன்ட் விஜய் வசந்த் தாம்பேயைத்தான் அது சொல்கிறது என்பதில் அவர் குடும்பத்துக்குச் சந்தேகமே இல்லை. எனக்கும் இல்லை. எதிரி நாட்டுப் பத்திரிகை, எங்கோ ஓர் அதிகாரி சொல்லக் கேட்டு அச்சடித்த பெயரில் ஓரெழுத்து பிசகுவது சாதாரணம். பெயரை யாராவது சொல்லியிருந்தால்தானே பிசகவே முடியும். விமானத்தோடு எரிந்து போனவர் வந்து தன் பெயரைச் சொல்லியிருக்க மாட்டார்.

அவர் மனைவி தமயந்தி தாம்பே அப்போது இந்தியாவின் முன்னணி பாட்மின்டன் வீராங்கனை. மூன்று முறை தேசிய சாம்பியன். முந்தைய ஆண்டுதான் அர்ஜுனா விருது கிடைத்திருந்தது. கல்யாணமாகி ஏறக்குறைய ஒன்றரை வருடம். அன்றிலிருந்து அரை நூற்றாண்டுக்கு மேலாக அவர் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் விளையாட்டுத் துறையில் வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டார். போனவர் உயிரோடு இருந்தால் இன்று எண்பது வயதை ஒட்டிய கிழவராக இருப்பார்.

போரில் தொலைந்து, பாகிஸ்தான் காவலில் இருப்பதாக நம்பப்படும் இந்தியப் படையினரான ‘காணாமல் போன 54 பேர்’ பற்றி நம் பத்திரிகைகளில் அவ்வப்போது வருவதுண்டு. பெரும்பாலும் டிசம்பர் 16 வெற்றி நாளையொட்டி. நானும் படித்து, பெருமூச்சு விட்டு, அடுத்த பக்கம் புரட்டியவன்தான். அது மனதில் முள்ளாகத் தைத்தது 2019 பிப்ரவரியில்.

அந்த வீடியோ

பிப்ரவரி 27 அன்று மதியம் இந்திய விமானி அபிநந்தன் பாகிஸ்தானில் பிடிபட்ட வீடியோ எல்லோர் கைப்பேசிக்கும் வந்தது. கண் கட்டப்பட்டு, முகத்தில் ரத்தம் வழிய, தன் பெயரையும் பதவியையும் சேவை எண்ணையும் சொல்கிறார். மேலே கேட்டதற்கு, அதைச் சொல்ல நான் கடமைப்பட்டவனில்லை என்கிற பாணியில் பதில். தான் பாகிஸ்தான் ராணுவத்திடம்தான் இருக்கிறேனா என்று மட்டும் திருப்பிக் கேட்கிறார். திருப்பணமூர்க்காரர், தாம்பரம் பக்கம் வீடு என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு எங்கள் அலுவலகத்தில் ஒருவரும் வேலை பார்க்கவில்லை. இந்த மாதிரி வீடியோவைப் பரப்பலாமா, அவங்க வீட்டில் பார்த்தால் என்ன ஆகும் என்று நான் கொதித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் எங்கள் குடியிருப்பில் இருக்கும் ஒரு பெரியவரிடம் இதையே சொன்னேன். விமானப்படையில் தரைப் பணியில் இருந்து வாரண்ட் ஆபீசராக ஓய்வு பெற்றவர். எழுபத்தொன்று போரைப் பார்த்தவர். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “தம்பி, அந்த வீடியோவை எடுத்தவன் எவனா இருந்தாலும் நல்லா இருக்கட்டும். இனிமே அந்தப் பையனை அவங்க இல்லைன்னு சொல்ல முடியாது பாருங்க” என்றார். “ஏன் சார், எப்படியும் ஒத்துக்கத்தானே வேணும், சட்டம் இருக்கே” என்றேன். “சட்டம் அப்பவும் இருந்துச்சு” என்றார்.

அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாள் இரவு அபிநந்தனின் பெற்றோர் சென்னையிலிருந்து டெல்லி போன விமானத்தில் பயணிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மார்ச் 1 இரவு அவர் வாகாவில் நடந்து வந்தார். நாடே கொண்டாடியது, நானும்தான். ஆனால் பெரியவர் சொன்ன அந்த நாலு வார்த்தை மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. சட்டம் அப்போதும் இருந்தது. பத்திரிகையில் பெயரும் வந்தது. பிறகு ஏன் ஒருவர் மூன்றாம் நாள் வீடு திரும்பினார், இன்னொருவர் ஐம்பது வருடமாகத் திரும்பவில்லை?

ஓர் அட்டை

போர்க் கைதிகள் பற்றிய 1949 ஜெனீவா உடன்படிக்கையைப் படித்தால் அதன் பெரும்பகுதி கருணையைப் பற்றியதாக இல்லை, எழுத்து வேலையைப் பற்றியதாக இருக்கிறது. பிடிபட்டவர் தன் பெயர், பதவி, பிறந்த தேதி, சேவை எண் இவற்றைச் சொன்னால் போதும். முகாமுக்கு வந்து ஒரு வாரத்துக்குள் ஓர் அட்டையில் இந்த விவரங்களையும் உடல்நிலையையும் எழுதி வீட்டுக்கும் ஜெனீவாவில் இருக்கும் செஞ்சிலுவைத் தகவல் மையத்துக்கும் அனுப்ப அவரை அனுமதிக்க வேண்டும். பிடித்த நாடு ஒரு தகவல் அலுவலகம் வைத்து, யார் யார் தன்னிடம் இருக்கிறார்கள் என்று மறுபக்கத்துக்குச் சொல்ல வேண்டும். செத்தால் எங்கே புதைத்தோம் என்பதையும் குறித்து வைக்க வேண்டும். சண்டை ஓய்ந்ததும் தாமதமின்றி விடுவிக்க வேண்டும். அந்த அட்டை போய்ச் சேர்ந்துவிட்டால் ஒரு மனிதர் கணக்கில் வந்துவிடுகிறார். செஞ்சிலுவைக்காரர்கள் முகாமுக்கு வந்து இன்னார் எங்கே என்று பெயர் சொல்லிக் கேட்கலாம். அட்டை எழுதப்படாதவரைப் பற்றிக் கேட்க ஆளில்லை. கேட்டாலும், ‘எங்களிடம் அப்படி யாரும் இல்லை’ என்ற ஒரு வரியில் பதில் முடிந்துவிடும்.

இந்தியா பாகிஸ்தான் போர்களில் இப்படிக் கணக்கில் வந்த விமானிகள் திரும்பியே வந்திருக்கிறார்கள். 1965-ல், இந்திய ராணுவத்தின் முன்னாள் தலைமைத் தளபதி கரியப்பாவின் மகன் ஹண்டர் விமானத்தோடு சுடப்பட்டு விழுந்தபோது பாகிஸ்தான் வானொலியே அதை அறிவித்தது. ஒரு காலத்தில் கரியப்பாவின் கீழ் பணியாற்றிய பாகிஸ்தான் அதிபர் அயூப் கான், வேண்டுமானால் உடனே விடுவிக்கிறேன் என்று சொல்லியனுப்ப, அங்கே இருக்கிற எல்லோரும் என் பிள்ளைகள்தான் என்று தந்தை மறுத்துவிட்டார். மகன் மற்றவர்களோடு சேர்ந்து 1966 ஜனவரியில் வந்தார். கார்கில் போரில் நச்சிகேதா பிடிபட்டு எட்டே நாளில் திரும்பினார். எழுபத்தொன்றிலும் அப்படித்தான். ராவல்பிண்டி முகாமில் வைத்திருந்த விமானிகளில் பாருல்கர், கிரேவால், ஹரீஷ் சிங்ஜி மூவரும் 1972 ஆகஸ்டில் சுவரைக் குடைந்து தப்பி, ஆப்கன் எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் லண்டி கோட்டல் வரை போய்விட்டார்கள். எப்போதோ மூடப்பட்டுவிட்ட ஒரு ரயில் நிலையத்துக்கு வழி கேட்டதில் மாட்டிக்கொண்டார்கள். தப்பி ஓடிப் பிடிபட்டவர்கள்கூட அந்த டிசம்பரில் உயிரோடு வீடு வந்து சேர்ந்தார்கள் என்றால், கணக்கில் இருப்பது எத்தனை பெரிய காப்பு என்று புரியும். தாம்பே அந்த முகாமில் இல்லை.

1972 டிசம்பர் 1

இந்தக் கதையில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற இடம் இதுதான். அன்றைக்கு வாகா வழியாக அறுநூற்றுச் சொச்சம் இந்தியக் கைதிகள் வந்தார்கள். அவர்களோடு எல்லாம் முடிந்தது என்று பாகிஸ்தான் சொன்னது. வந்தவர்களில் தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்று தெரிந்து வீட்டுக்குப் போன குடும்பங்களை நினைத்துப் பார்க்கிறேன். அதுவரை அவர்களுக்கு ஒரு தேதி இருந்தது. பேச்சுவார்த்தை முடியட்டும், கைதிகள் பரிமாற்றம் நடக்கட்டும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்த நாளுக்குப் பிறகு எண்ணுவதற்கு நாளே இல்லை.

அன்றைக்கு நம் கையில் என்ன இருந்தது என்பதை யோசித்தால் எனக்குத் தாங்க முடியாத கோபம் வருகிறது. கிழக்கு முனையில் சரணடைந்த 93,000 பேர் நம் முகாம்களில் இருந்தார்கள். சிம்லா ஒப்பந்தம் அந்த ஜூலையிலேயே கையெழுத்தாகியிருந்தது. கிழக்கில் சரணடைந்தவர்களை 1973 ஆகஸ்டு டெல்லி ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் அனுப்பத் தொடங்கினோம். 1974 வரை அது நீண்டது. அதாவது, நம்மவர்கள் வந்து சேர்ந்த பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் அந்தப் பக்கத்து ஆட்கள் நம்மிடம் இருந்தார்கள். பத்திரிகையில் பெயர் வந்த விமானி எங்கே என்று பெயர் பெயராகக் கேட்டு, பதில் வந்த பிறகு அடுத்த ரயிலை அனுப்பியிருக்கலாம். சிறைப்பட்டவர்களைப் பணயமாக்குவது அதே உடன்படிக்கைக்கு விரோதம் என்று சொல்லுவார்கள், அது உண்மைதான். ஆனால் கேட்பதற்கு எந்தத் தடையும் இல்லை. பெரிய பேச்சுகளின் நடுவே, வங்கதேசத்தை அங்கீகரிப்பது, போர்க்குற்றத்துக்காக வங்கதேசம் விசாரிக்க நினைத்த 195 பாகிஸ்தானியர்களை என்ன செய்வது என்ற பேரங்களின் நடுவே, சில டஜன் பெயர்கள் மேசையிலிருந்து கீழே விழுந்துவிட்டன. குனிந்து எடுக்க யாருக்கும் நேரமில்லை.

சிலர் இன்னொன்றும் சொல்கிறார்கள். அந்த 195 பேருக்கு ஈடாக வைத்துக்கொள்ளத்தான் பாகிஸ்தான் சிலரைக் கணக்கில் காட்டாமல் ஒதுக்கியது, தேவை முடிந்த பிறகு வெளியே விட்டால் பொய் அம்பலமாகும் என்று அப்படியே விட்டுவிட்டது என்பது அவர்கள் ஊகம். இருக்கலாம். ராணுவத்தின் ஒரு பிரிவு பிடித்தது இன்னொரு பிரிவுக்குத் தெரியாமல், உளவாளி என்று முத்திரை குத்தி ஏதோ ஒரு சிறைக்கு அனுப்பியிருக்கவும் வாய்ப்புண்டு. இரண்டாவதுதான் எனக்கு அதிகம் பயம் தருகிறது, ஏனென்றால் அதற்குச் சதி எதுவும் தேவையில்லை, அலட்சியமே போதும்.

நம்பிக்கையும் சான்றும்

1974 டிசம்பரில் மேஜர் அசோக் சூரியின் தந்தைக்கு மகனின் கையெழுத்தில் ஒரு சீட்டு வந்தது. அடுத்த ஜூனில் இன்னொன்று, கராச்சியிலிருந்து, தன்னோடு இன்னும் இருபது அதிகாரிகள் இருக்கிறார்கள் என்று. பாதுகாப்பு அமைச்சகம் கையெழுத்தைச் சரிபார்த்து, செத்தவர் பட்டியலில் இருந்தவரைக் காணாமல் போனவராக மாற்றியது. போர் முடிந்த கையோடு டைம் இதழில் வந்த ஒரு படத்தில், கம்பிகளுக்குப் பின்னால் நிற்பது மேஜர் ஏ.கே. கோஷ்தான் என்று அவர் குடும்பம் அடையாளம் சொன்னது. 1979-ல் மக்களவையில் அரசே நாற்பது பெயர்களைப் படித்தது. அது வளர்ந்து 54 ஆனது. அதில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் விமானப்படையினர். 1983-ல் ஒரு சிறு குழு முல்தான் சிறைக்குப் போய் வந்தது. 2007-ல் முஷரஃப் காலத்தில் பதினான்கு உறவினர்கள் பாகிஸ்தான் சிறை சிறையாகப் போனார்கள், தமயந்தியும் போனார். ஒருவரும் கிடைக்கவில்லை. ராணுவக் காவலில் இருப்பவர்களைச் சாதாரணச் சிறைகளில் தேடினால் எப்படிக் கிடைப்பார்கள் என்பது குடும்பங்களின் கேள்வி. இல்லாதவர்களை எங்கே தேடினாலும் கிடைக்க மாட்டார்கள் என்பது பாகிஸ்தானின் பதில்.

இந்த இடத்தில் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 54 பேரும் ஒரே தட்டில் வைக்கக்கூடியவர்கள் இல்லை. சிலர் விஷயத்தில் கையெழுத்து இருக்கிறது, சிலர் விஷயத்தில் பத்திரிகைச் செய்தி, சிலர் விஷயத்தில் திரும்பி வந்த ஒரு கைதி எப்போதோ கேள்விப்பட்டதாகச் சொன்னது மட்டும். சிலர் விழுந்த இடத்திலேயே இறந்திருக்கலாம். பார்த்தேன் என்கிற சாட்சியம் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு அமெரிக்காவின் ஸ்காட் ஸ்பைக்கர் கதையே போதும். 1991 வளைகுடாப் போரின் முதல் இரவில் இராக்கில் சுட்டு வீழ்த்தப்பட்ட கடற்படை விமானி. முதலில் இறந்தவர் என்று அறிவித்தார்கள். பாலைவனத்தில் விமானத்தின் சிதைவு கிடைத்தது, அவருடையது என்று கருதிய விமானி உடை கிடைத்தது, உயிரோடு பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள். அமெரிக்கா தன் முடிவை மாற்றி, காணாமல் போனவர், பிறகு பிடிபட்டவர் என்றெல்லாம் எழுதியது. பாக்தாத் சிறைச்சுவரில் அவர் பெயரின் முதலெழுத்துகள் கீறப்பட்டிருப்பதாகக்கூடச் செய்தி வந்தது. கடைசியில் 2009-ல் அன்பார் பாலைவனத்தில், பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் பெடூயின்கள் புதைத்துவைத்த எலும்புகள் கிடைத்தன. பல் பதிவோடு ஒத்துப்போயிற்று. பார்த்தவர்கள் பார்த்தது வேறு யாரையோ.

ஸ்பைக்கர் கதையைக் காட்டி, பார்த்தீர்களா, எல்லாம் கற்பனை, 54 பேரும் அன்றே போயிருப்பார்கள், விட்டுவிடுங்கள் என்று வாதிடும் நண்பர்கள் எனக்குண்டு. அவர்கள் பாதிக் கதையைத்தான் பார்க்கிறார்கள். இறந்துவிட்டார் என்பதை உறுதி செய்தது எது? தோண்டியது. அந்த நாடு வெவ்வேறு அரசுகளின் கீழ் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது, உள்ளூர்க்காரர் ஒருவர் சொன்ன தகவலை நம்பி மணலைத் தோண்டியது. ‘இறந்திருப்பார்’ என்பது ஒரு ஊகம், ‘இங்கே இறந்தார், இதோ அவர்’ என்பது ஒரு பதில். ஏழு வருடம் தகவலில்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்று நம் சாட்சியச் சட்டமும் சொல்கிறது. சொத்து பிரிக்க, பென்ஷன் வாங்க அது வேண்டும்தான். அதற்காக ஒரு பெண்ணிடம் போய், சட்டப்படி உன் துக்கம் 1978 டிசம்பரில் முடிந்துவிட்டது என்று சொல்ல முடியுமா?

மறுபக்கத்தார் எழுதிவைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடமே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. குடகுக்காரர் ஸ்க்வாட்ரன் லீடர் தேவய்யா. 1965 செப்டம்பர் 7 அன்று சர்கோதாவைத் தாக்கப் போன மிஸ்டேர் விமானங்களில் அவருடையது மாற்றுக்காகக் கூடவே போனது. ஒரு விமானம் பின்வாங்கவும் இவர் உள்ளே சேர்ந்துகொண்டார். திரும்பவில்லை. என்ன ஆனார் என்று படையில் ஒருவருக்கும் தெரியவில்லை. பல வருடம் கழித்து, பாகிஸ்தான் விமானப்படையின் ஒத்துழைப்போடு ஓர் ஆங்கிலேயர் எழுதிய வரலாற்றில், அந்தக் காலை ஒரு மிஸ்டேர் தன்னைவிட இரு மடங்கு வேகமுள்ள பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் விமானத்தோடு சண்டையிட்டு அதை வீழ்த்தியது என்று வந்தது. ஸ்டார்ஃபைட்டரின் விமானி அம்ஜத் உசேன் பாராசூட்டில் குதித்துப் பிழைத்திருந்தார். அந்தக் காலைத் தாக்குதலுக்குப் போன மற்ற மிஸ்டேர்கள் எல்லாம் பத்திரமாகத் திரும்பியவை. அப்படியானால் அது தேவய்யாதான். இருபத்து மூன்று வருடம் கழித்து, 1988-ல், அவருக்கு மகாவீர் சக்ரா வந்தது. அவர் உடலைக் கிராமத்தார் கண்டெடுத்து அங்கேயே புதைத்தார்கள் என்பதும் பாகிஸ்தான் தரப்பிலிருந்தே தெரியவந்தது. எதிரி எழுதிவைத்த நாலு வரிதான் அவர் மனைவிக்குப் பதிலைத் தந்தது. பெருந்தன்மைகூட அவசியப்படவில்லை. பதிவேடு இருந்தது, அதை ஒருவர் திறந்தார், அவ்வளவுதான்.

என் கோரிக்கை

ஆகவே ‘54 பேரை மீட்டு வாருங்கள்’ என்கிற முழக்கத்தோடு என்னால் இன்று முழுமையாகச் சேர முடியவில்லை. அதைச் சொல்லும்போது, உயிரோடு ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினால் தவிர வேறு எதுவும் பதிலாகாது என்று ஆகிவிடுகிறது. அதுவே இரண்டு அரசுகளுக்கும் வசதியாகப் போய்விடுகிறது. ஒருவர் ‘எங்களிடம் இல்லை’ என்பார், மற்றவர் ‘கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்’ என்பார். 2011-ல் குஜராத் உயர் நீதிமன்றம், சர்வதேச நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போய் அதற்குத் தடை வாங்கியது. 2015-ல் அதே உச்ச நீதிமன்றத்தில், அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டதற்கு அரசுத் தரப்பின் பதில், எங்களுக்குத் தெரியாது என்பதுதான். 2019-ல், அபிநந்தன் திரும்பிய சில மாதங்களில், 83 பாதுகாப்புப் படையினர் பாகிஸ்தான் காவலில் இருப்பதாக நம்புகிறோம் என்று அதே அரசு நாடாளுமன்றத்தில் சொல்லியது. தெரியாது என்பதும் நம்புகிறோம் என்பதும் ஒரே அலமாரிக் கோப்புகளிலிருந்து வருகின்றன. அந்தக் கோப்புகளைக் குடும்பங்களுக்கு முழுசாகக் காட்டட்டும். யார் விழுந்ததை உடன் பறந்தவர் பார்த்தார், யார் குதித்ததைப் பார்த்தார், எந்தப் பெயர் எந்தச் சாட்சியத்தால் பட்டியலுக்கு வந்தது என்பதெல்லாம் விமானப்படைக்குத் தெரியாமல் இருக்காது. அரை நூற்றாண்டு பழைய போரில் இன்னும் என்ன ரகசியம்?

2008 ஒப்பந்தப்படி இரண்டு நாடுகளும் வருடா வருடம் ஜனவரி 1, ஜூலை 1 தேதிகளில் தங்கள் சிறைகளில் இருக்கும் மறுபக்கத்து சிவில் கைதிகள், மீனவர்கள் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன. உறவு எவ்வளவு கெட்டாலும் இது நடக்கிறது. அந்த நாட்களில் நம் வெளியுறவு அமைச்சகம் காணாமல் போன படையினரைப் பற்றியும் ஒரு வரி சேர்க்கிறது. சமீப வருடங்களில் பாகிஸ்தானும் ஒரு பட்டியல் தருகிறது, 1965-லும் 1971-லும் காணாமல் போய் இந்தியாவில் இருப்பதாக அவர்கள் நம்பும் அவர்களுடைய வீரர்களின் பெயர்கள். அதைப் படித்தபோது கொஞ்ச நேரம் எனக்கு எதுவும் ஓடவில்லை. முல்தானிலோ பெஷாவரிலோ ஏதோ ஒரு வீட்டில், வெளிறிப்போன ஒரு படத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண் நம்மைப் பார்த்து இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அவர்களுக்குப் பதில் சொல்ல நமக்கு யார் அனுமதியும் வேண்டாம். நம் சிறைப் பதிவேடுகள், அன்றைய முகாம் பதிவேடுகள், போர்முனையில் நாம் புதைத்த உடல்களின் குறிப்புகள் எல்லாம் நம்மிடம்தான் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, இருக்கிறார், இறந்தார், இன்ன இடத்தில் புதைத்தோம், எங்களிடம் தடயமில்லை, இந்த நாலில் ஒன்றை எழுதி, சான்றோடு அடுத்த ஜூலை 1 அன்று அவர்களிடம் கொடுக்கலாம். கொடுத்துவிட்டு, தாம்பேயின் பெயருக்கு எதிரே என்ன எழுதப் போகிறீர்கள் என்று கேட்கலாம்.